நிரந்தரக் கோடை நேரம் ஒன்டாரியோவுக்குச் சரிவருமா?

மார்க்கம்வாசி:
மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளு (அதுதான் கோடை நேரம்), நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு இழு. இந்தக் கூத்தை நிறுத்தச் சட்டம் 2020 நவம்பரிலேயே எங்கட கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நிறைவேறிவிட்டது. ஆண்டு முழுக்கக் கோடை நேரம். ஆனால் நியூயோர்க்கும் கியூபெக்கும் சேர்ந்து மாறினால்தான் நடைமுறைக்கு வரும் என்று அரசு சொல்லிவிட்டது. நியூயோர்க்காலோ தானாக மாற முடியாது. அமெரிக்காவின் 1966 சட்டப்படி ஒரு மாநிலம் கோடை நேரத்தைக் கைவிடலாம். ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் கைவிட்டவைதான். ஆண்டு முழுக்க வைத்திருக்க மட்டும் அனுமதி இல்லை. 2022 மார்ச் 15-இல் அமெரிக்க செனட் அந்தத் தடையை நீக்கும் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. கீழவை அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கட விடியல் வாஷிங்டன்ர கையில.

நான் கோடை நேரத்தின் பக்கம். டிசம்பரில் டொராண்டோவில் 4:40-க்குச் சூரியன் விழுந்துவிடும். வேலை முடிந்து வெளிக்கிடும்போது இரவு. 5:40 என்றால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து முற்றத்தில் ஒரு மணித்தியாலமாவது ஓடி விளையாடும். காலை 8 மணி வெளிச்சத்தை யார் அனுபவிக்கினம்? எல்லாரும் காருக்குள்ளேயும் பேருந்துக்குள்ளேயும்தானே.

விடிவெள்ளி:
அண்ணை, 5:40 என்று வாலை மட்டும் காட்டுகிறீர்கள், தலையையும் காட்டுங்கள். ஜனவரி முதல் வாரம் டொராண்டோவில் சூரியன் உதிப்பது 7:51-க்கு. நீங்கள் கேட்கும் நேரத்தில் அது 8:51. நவம்பர் முதல் வாரம் கழிந்ததிலிருந்து பெப்ரவரி கடைசி வாரம் வரை, ஏறக்குறைய மூன்றரை மாதம், 8 மணிக்கு முன் சூரியனே இல்லை. அதற்கு அரை மணி முன்னால் மங்கல் வெளிச்சம் வரும், அவ்வளவுதான்.

இது டொராண்டோ. ஒன்டாரியோ என்றால் டொராண்டோ மட்டுமில்லை. கிழக்கு நேர வலயத்தின் கணக்கு 75 பாகை மேற்குக் கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஒரு பாகை போனால் சூரியன் 4 நிமிடம் பிந்தும். டொராண்டோ 79.4 பாகையில் இருப்பதால் இப்போதே 17, 18 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. மாகாணத்தின் மேற்கே தண்டர் பே நகரம் 89 பாகைக்கும் அப்பால். அங்கே 57 நிமிடம். டிசம்பர் கடைசியில் அங்கே விடிவது 8:50-க்கு. நிரந்தரக் கோடை நேரம் வந்தால் 9:50. முதல் பாடவேளை முடிந்த பிறகு விடியும்.

காலை வெளிச்சம் ரசிப்பதற்கான பொருள் அல்ல. மனித உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக, 24.2 மணி அளவில் ஓடுகிறது. விட்டால் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். எழுந்ததும் கண்ணில் படும் வெளிச்சம் அதை முன்னுக்கு இழுக்கும்; மாலை வெளிச்சம் இன்னும் பின்னுக்குத் தள்ளும். நிரந்தரக் கோடை நேரம் காலை மருந்தை எடுத்துவிட்டு மாலை விஷத்தைக் கூட்டுகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2020-இல் வெளியிட்ட நிலைப்பாடும் இதுதான்: மாற்றுவதை நிறுத்துங்கள், ஆனால் நியம நேரத்தில், அதாவது முன்னுக்குத் தள்ளாத குளிர்கால நேரத்தில், நிறுத்துங்கள்.

மார்க்கம்வாசி:
தண்டர் பேயைக் காட்டிப் பயப்படுத்துகிறீர்கள், தங்கச்சி. அதற்கு மேற்கே அதிகோகன் என்று ஒரு ஊர். ஒன்டாரியோவுக்குள்ளேதான். 90 பாகைக்கு அப்பால் இருப்பதால் சட்டப்படி, கிழக்கை விட ஒரு மணி பின்தங்கிய மத்திய வலயத்தில் வரவேண்டிய ஊர், ஆனால் ஆண்டு முழுக்கக் கிழக்கு நியம நேரத்தில் நிற்கிறது. அதாவது மத்திய வலயக் கணக்கில் நிரந்தரக் கோடை நேரம். குளிர்காலத்தில் அங்கே 9 மணிக்குத்தான் சூரியன். சஸ்காச்சுவன் மாகாணமும் அப்படியே. அதன் தலைநகர் ரெஜைனா 104 பாகையைத் தாண்டி இருந்தும் மணிக்கூடு 90 பாகைக் கணக்கில். அங்கேயும் 9 மணி விடியல், 1966 முதல். மாகாணமே கவிழ்ந்து போகவில்லையே.

தெம்பனிஸ்:
சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் தீவு 103.8 பாகை கிழக்கில் இருக்கிறது. சூரியக் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். கடிகாரமோ 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வர முடிவெடுத்தபோது, 1982 ஜனவரி 1 முதல் நாங்களும் கூடவே மாறினோம். பெயர்தான் வைக்கவில்லையே தவிர, இது நிரந்தரக் கோடை நேரம். மதியம் 1 மணியை ஒட்டித்தான் உச்சி வெயில். ஒரு பிரச்சினையும் இல்லை.

விடிவெள்ளி:
தெம்பனிஸ், உங்களுக்கு ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம். சூரியன் எப்போதும் 7 மணியை ஒட்டியே உதிக்கும். ஒருமுறை பள்ளி நேரத்தையும் அலுவலக நேரத்தையும் அதற்கேற்ப வைத்தால் முடிந்தது. டொராண்டோவில் டிசம்பர் பகல் 9 மணிக்கும் குறைவு, ஜூன் பகல் 15 மணிக்கும் கூட. பூமத்திய ரேகைக்காரர் இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது.

அண்ணை சொன்ன இரண்டு ஊரும் சரியான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 9 மணிதான் அவர்களின் எல்லை. தண்டர் பேக்கு நீங்கள் கேட்பது அதற்கும் மேலே 50 நிமிடம். அப்படி 10 மணியைத் தொட்டுப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது: மாஸ்கோ. ரஷ்யா 2011-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போனது. குளிர்காலத்தில் மாஸ்கோவின் விடியல் கிட்டத்தட்ட 10 மணிக்கு. மூன்று குளிர்காலம் தாங்கினார்கள். 2014 அக்டோபர் 26-இல் ஒரு மணி பின்னுக்கு இழுத்து, நியம நேரத்திலேயே பூட்டிவிட்டார்கள்.

அமெரிக்கா ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் நெருக்கடி என்று 1974 ஜனவரி 6-இல் தொடங்கினார்கள், இரண்டு ஆண்டுத் திட்டம். தொடங்குமுன் 79 சதவீத ஆதரவு, பெப்ரவரியில் 42. புளோரிடாவில் விடியுமுன் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வாகனத்தில் அடிபட்டு இறந்தார்கள். அந்த அக்டோபரிலேயே சட்டத்தைத் திருத்திக் குளிர்காலத்துக்கு நியம நேரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மார்க்கம்வாசி:
பிரிட்டனை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1968 முதல் 1971 வரை அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுக்கவே இல்லை. காலை விபத்து கூடியது உண்மை. மாலை விபத்து அதைவிட அதிகமாகக் குறைந்தது. கூட்டிக் கழித்தால் உயிர் மிச்சம். காலையில் அடிபட்ட பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வரும். மாலையில் அடிபடாமல் வீட்டுக்குப் போன பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. 1974-இன் கதையும் அதுதான்.

களவுக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் கோடை நேரம் தொடங்கியதும் வழிப்பறி நாளொன்றுக்கு 7 சதவீதம் குறைந்தது, புதிதாக வெளிச்சம் கிடைத்த அந்த மாலை மணியில் மட்டும் 27 சதவீதம் என்று டோலியாக், சாண்டர்ஸ் ஆய்வு காட்டியது. வழிப்பறிக்காரன் காலையில் எழும்புவதில்லை. அவனுக்கும் தூக்கம் வேண்டும்.

விடிவெள்ளி:
வழிப்பறிக் கணக்கை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அது உங்களுக்கு. ஆனால் அது வசந்த காலத்தில் எடுத்த அளவு, ஜனவரியில் அல்ல. பிரிட்டனில் மது அருந்தி ஓட்டுவோருக்கு மூச்சுச் சோதனை 1967 கடைசியில்தான் வந்தது. மாலை விபத்துக் குறைவில் எவ்வளவு மணிக்கூட்டால், எவ்வளவு சோதனைக் குழாயால் என்று பிரிப்பது சுலபமில்லை. 1970 டிசம்பரில் நாடாளுமன்றம் 366-க்கு 81 என்ற வாக்கில் அந்த நேரப் பரீட்சார்த்தத்தை முடித்துவைத்தது. ஸ்கொட்லாந்தில் காலை 9 மணிக்கும் இருட்டு.

குமரிமுனை:
இடையில் ஒரு கேள்வி. மின்சாரம் மிச்சம் என்றுதானே இதையே தொடங்கினார்கள்? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

க்ரான்ஜாப்:
பேச ஒன்றும் இல்லை என்பதால்தான். 2007-இல் அமெரிக்கா கோடை நேரத்தைச் சில வாரம் நீட்டியது. எரிசக்தித் துறை அளந்து பார்த்ததில், நீட்டிய நாட்களில் அரை சதவீதம் மிச்சம். ஆண்டுக் கணக்கில் 0.03 சதவீதம். இண்டியானா மாநிலம் முழுவதும் 2006-இல் மற்ற மாநிலங்களைப் போலக் கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கியபோது வீட்டு மின்சாரம் 1 சதவீதம் கூடியது. விளக்கில் மிச்சம் பிடித்ததை மாலை ஏசியும் காலை ஹீட்டரும் தின்றுவிட்டன. எல்இடி வந்தபிறகு விளக்குக் கணக்கு இன்னும் சிறுத்துப்போனது.

மாரடைப்புப் புள்ளிவிவரத்தை யாராவது எடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் ஆய்வில், மார்ச் மாற்றத்துக்கு அடுத்த திங்களன்று 24 சதவீதம் கூடுதல். வாரம் முழுவதையும் கூட்டினால் எண்ணிக்கை மாறவில்லை. வரவேண்டியது சில நாள் முன்னால் வந்தது. மேலும் இது மாற்றத்துக்கு எதிரான வாதம். எந்த நேரத்தில் நிற்பது என்பதற்கு இதில் பதில் இல்லை. இங்கே பாதிப் பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள்.

பழையநேரம்:
எங்கட ஆக்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டோம். 1996 மே மாதம் நீர்த்தேக்கம் வற்றி மின்வெட்டு. கொழும்பு அரசு மணிக்கூட்டை ஒரேயடியாக ஒரு மணி முன்னுக்குத் தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னுக்கு. அந்த அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. இலங்கையில் கோடை ஏது, குளிர் ஏது? வழமையாக ஜனவரி கடைசியில் கொழும்பில் 6:25 அளவில் விடியும். அரை மணி தள்ளினால் 6:55. பள்ளிக்கூடம் 7:30-க்கு. தூர இடத்துப் பிள்ளை இருட்டில்தான் பேருந்து ஏறவேணும்.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் ஓமந்தைக்குத் தெற்கே ஒரு நேரம், வடக்கே இன்னொரு நேரம். புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே போகவேணும். நிரந்தரம் என்று சொல்லுறது சுலபம். எல்லா ஆக்களும் ஏற்காத நேரம், நேரமில்லை.

இன்னொன்று. தைப்பொங்கலன்று டொராண்டோவில் சூரியன் 7:49-க்கு. மாற்றினால் 8:49. சூரியனுக்குப் பொங்கிப் படைத்துவிட்டு 9 மணி வேலைக்கு யார் போய்ச் சேருறது?

மார்க்கம்வாசி:
அண்ணை, 7:49-க்கும் பொங்கிப் படைத்துவிட்டு நெடுஞ்சாலை 401-இல் 9 மணிக்குள் போய்ச் சேர ஏலாது. அன்றைக்கு லீவு எடுக்கிறதுதான் வழி. நாட்காட்டியில் திங்கள் ராகு காலம் 7:30 முதல் 9 என்று போட்டிருப்பதும் 6 மணி விடியலை வைத்துத்தான். டொராண்டோ ஜனவரியில் பகலை எட்டாகப் பிரித்தால் பங்குக்கு 67 நிமிடம். இரண்டாம் பங்கு இப்போதே 8:58-க்குத்தான் தொடங்குது. மணிக்கூட்டை எங்கே வைத்தாலும் பஞ்சாங்கம் சூரியனைத்தான் பார்க்கும்.

க்ரான்ஜாப்:
பஞ்சாங்கம் சமாளிக்கும், கருவிகள் சமாளிக்காது. “எல்லாம் இன்டர்நெட்ல இருந்து தானா மாறிடும்” என்பவர்களுக்கு: இணைய நேர சேவையகம் தருவது உலகப் பொது நேரம் (UTC) மட்டுமே. டொராண்டோ அதிலிருந்து எத்தனை மணி தள்ளி, எந்தத் தேதியில் மாறும் என்ற விதி உங்கள் கருவிக்குள் இருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்காவிட்டால் சேவையகத்தோடு எவ்வளவு ஒட்டினாலும் ஒரு மணி தவறாகவே காட்டும்.

கைபேசி, கணினி பிரச்சினை இல்லை. இயங்குதள அப்டேட்டில் வந்துவிடும். தொல்லை தருபவை வேறு. பள்ளி முன் மின்னும் எச்சரிக்கை விளக்கு, கட்டட ஹீட்டர் கட்டுப்பாடு, வருகைப் பதிவுப் பெட்டி, பழைய கேமரா ரெக்கார்டர். இவற்றில் “மார்ச் இரண்டாம் ஞாயிறு” என்பது சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். நியம நேரத்தில் நின்றால் கோடை நேர டிக்கை எடுத்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. நிரந்தரக் கோடை நேரம் என்றால் டிக் உதவாது. வலயத்தையே மாற்ற வேண்டும். கிழக்கே அடுத்த வலயத்து ஹாலிஃபாக்ஸ் என்று போடாதீர்கள், அதுவும் மார்ச்சில் தாவும். கோடை நேரமே இல்லாத, உலகப் பொது நேரத்துக்கு 4 மணி பின்தங்கிய இடம் வேண்டும்: ப்யூர்டோ ரிக்கோ அல்லது லா பாஸ்.

அடுத்த பொறி முன்பதிவுகள். வரும் ஜனவரி 10 காலை 9 மணி மருத்துவர் சந்திப்பை உலகப் பொது நேரமாக மாற்றி 14:00 என்று சேமித்திருப்பீர்கள். சட்டம் மாறியதும் அது 10 மணி என்று காட்டும். எதிர்கால நிகழ்வுகளை உள்ளூர் நேரம், வலயப் பெயர் இரண்டாகவே சேமியுங்கள். நடந்து முடிந்தவற்றுக்கு மட்டும் பொது நேரம். எந்தப் பக்கம் முடிவானாலும் குறைந்தது ஓராண்டு அவகாசம் வேண்டும். லெபனான் 2023 மார்ச்சில் சில நாள் முன்னறிவிப்போடு கோடை நேரத்தைத் தள்ளிவைத்தது. அங்குள்ள மாரோனைட் கிறித்தவத் திருச்சபை ஏற்கவில்லை. சில நாள் ஒரே நகரத்தில் இரண்டு நேரம் ஓடியது.

மார்க்கம்வாசி:
அப்ப பழைய கேமராவுக்காக நாங்கள் 4:40-க்கு இருட்டில இருக்கவேணுமோ?

விடிவெள்ளி:
கேமராவுக்காக அல்ல, மேற்கு ஓரத்துக்காக. பொஸ்டன் இதே வலயத்தில் 71 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் 4:12-க்கே இருட்டு, காலையில் 7:13-ஐத் தாண்டாமல் விடியல். அவர்கள் ஒரு மணி முன்னுக்குப் போனால் 8:13, 5:12. நியாயமான பேரம். அதை நான் எதிர்க்க மாட்டேன். பொஸ்டனுக்கும் தண்டர் பேக்கும் இடையில் 18 பாகை. ஒரு வலயத்தின் அகலமே 15 பாகைதான். இந்த இரண்டையும் ஒரே மணிக்கூட்டில் பூட்டத்தான் எதிர்ப்பு.

மார்க்கம்வாசி:
அப்படியென்றால் தண்டர் பேயை மத்திய வலயத்துக்கு விடுங்கோ. மத்திய கோடை நேரத்தில் நிரந்தரமாக நின்றால் அவைக்கு இப்போதைய 8:50 விடியலே மிஞ்சும். டொராண்டோ 8:51. இரண்டு ஊருக்கும் ஒரே விடியல்.

விடிவெள்ளி:
அவர்களின் ஜூன் மாலையில் ஒரு மணி போகும். இப்போது 10 மணியைத் தாண்டியும் அங்கே வெளிச்சம். அதைக் கைவிடச் சம்மதிப்பார்களா என்று தண்டர் பே ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். டொராண்டோவின் 8:51-க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அண்ணை.

மார்க்கம்வாசி:
பள்ளிக்கூடத்தை 9:30-க்குத் தொடங்கச் சொல்லுங்கோ.

க்ரான்ஜாப்:
அப்புறம் கோடை நேரம் எதற்கு? நியம நேரத்திலேயே பள்ளியை 8:30-க்குத் தொடங்கினால் அதே சூரியன்தானே.