மறு: 'ஸ்லேவ் சிலிண்டர்' – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். கார் கிளட்சில் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் என்று இரண்டு உருளைகள் உண்டு. அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> மாஸ்டர் என்றால் தலைமை உருளை, ஸ்லேவ் என்றால் அடிமை உருளை. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இந்தக் குழுவில் உண்டு. 'அடிமை' என்ற சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் வாதம் வேறு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று யாருக்கும் விளக்க முடியாது.

கோலாலம்பூர் செந்தூலில் தெரிந்தவர் பட்டறையில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் ஸ்டாண்டில் நிற்கிறது. நாலு கியர் பெட்டியை இறக்கிவிட்டு, ஃபோர்டு சியாராவில் வந்த டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டியை ஏற்றுகிறார்கள். மைனரில் கிளட்ச் மிதியிலிருந்து, கிளட்சை விலக்கும் கவட்டை (ஃபோர்க்) வரை எல்லாம் கம்பியும் நெம்புகோலும். சியாராவின் பெட்டியோ கேபிளுக்குச் செய்தது. இரண்டையும் கோர்க்க மெனக்கெடுவதைவிட எண்ணெய் அழுத்தத்துக்கு மாறுவது மேல் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மிதியை அழுத்தினால் மேலே உள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே போய்க் கீழ் உருளையின் பிஸ்டனை நகர்த்தும். அது கவட்டையை நெம்ப, கவட்டை பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் தட்டை எஞ்சினோடு அழுத்திப் பிடிப்பது) விரல்களை அழுத்த, கிளட்ச் தட்டு எஞ்சினை விட்டு விலகும். அந்தக் கீழ் உருளையின் வேலை விலக்குவது. டொயோட்டா கையேடுகளில் அதன் பெயர் 'ரிலீஸ் சிலிண்டர்' தான். பிரேக்கிலும் பாருங்கள்: சக்கரத்தில் இருப்பதை வீல் சிலிண்டர் என்கிறோம், ஸ்லேவ் என்று சொல்வது அரிது.

அதனால் என் பரிந்துரை: மேலே இருப்பது மிதியுருளை, கீழே இருப்பது விலக்குருளை. 'விடுப்புருளை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கென்னவோ அது லீவு போட்டுப் போன உருளை மாதிரி கேட்கிறது.

> இங்கே போமன்மார் (மெக்கானிக்குகள்) மலாயில் 'பம்ப் அதாஸ், பம்ப் பாவா' என்கிறார்கள். மேல் பம்ப், கீழ் பம்ப் என்றே வைத்துக்கொள்ளலாமே அண்ணே.

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய தம்பி சொல்வது நியாயம். பட்டறையில் நானும் அப்படித்தான் கேட்பேன், கடையில் அப்படித்தான் வாங்குவேன். ஆனால் எழுத்தில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, கீழே இருப்பது எதையும் பம்ப் செய்வதில்லை. வருகிற அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது, இந்த மைனருக்கு வாங்கி வந்திருப்பது வெளியே தொங்கும் உருளையே இல்லை. கியர்பெட்டியின் உள்தண்டைச் சுற்றி வளையமாக உட்காருகிற வகை. பேரிங் அதன் முகத்திலேயே இருக்கிறது, கவட்டைக்கு வேலை இல்லை. இதைக் 'கீழ் பம்ப்' என்றால் படிப்பவர் காருக்கு அடியில் போய்த் தேடுவார். விலக்குருளை என்று வைத்தால் ஒன்றைப் புற விலக்குருளை என்றும் மற்றதை வளைய விலக்குருளை என்றும் பிரித்துவிடலாம்.

பிரித்துச் சொல்ல வேண்டியது அவசியம், ஏனென்றால் தொல்லைகள் வேறு வேறு. புற வகை கசிந்தால் காருக்கு அடியில் படுத்தே மாற்றிவிடலாம். வளைய வகை கசிந்தால் கியர்பெட்டியையே மறுபடி இறக்க வேண்டும். வளைய வகையை ஏற்றும்போதே பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதிகம் விட்டால் பிஸ்டன் எல்லை தாண்டிப் போய் சீல் வெளியே வந்துவிடும். விடாமல் போனால், தட்டு தேயத் தேய விரல்கள் பேரிங் பக்கம் வரும். பின்வாங்க இடமில்லாமல் கிளட்ச் நழுவத் தொடங்கும். பட்டறைக்காரர், கிளட்சை மூடும் உறையான பெல் ஹவுசிங்கின் வாய்க்குக் குறுக்கே நேர்கோல் வைத்து, வெர்னியர் அளவுகோலால் ஆழம் பார்த்து, கணக்கைச் சாக்கட்டியால் சிமெண்ட் தரையிலேயே எழுதிக்கொண்டிருந்தார். இடைவெளி சரியாக வரும்வரை வாஷர் மாற்றுவார். மிதி அளவுக்கு மேல் இறங்காமல் ஒரு தடுப்பும் வைக்கப்போகிறார்.

> அளவு ஒன்றும் பெரிய விஷயமில்லை, கிடைத்த மிதியுருளையைப் போடலாம்.

கூடாது. முக்கால் அங்குல விட்டமுள்ள மிதியுருளையும் 7/8 அங்குல விட்டமுள்ள விலக்குருளையும் என்றால், மேலே ஒரு அங்குலம் தள்ளினால் கீழே 0.73 அங்குலம்தான் நகரும்; விசை 1.36 மடங்காகும். மேலே பெரியதாகப் போட்டால் நகர்வு கூடும், மிதி கல்லாகிவிடும். ஜாலான் ஈப்போ சாலை நெரிசலில் முழங்கால் சொல்லும்.

ஹைட்ராலிக் கிளட்சுக்கு 'நீரியல் கிளட்ச்' என்ற சொல்லையும் விட்டுவிடுவோம். அதில் ஊற்றுவது டாட் 4 தர பிரேக் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் கெட்டுப்போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த டின்னையே நம்பக் கூடாது. அப்படியிருக்க, பெயரிலேயே நீரை ஊற்றுவானேன்? 'நீர்ம அழுத்தக் கிளட்ச்' போதும். கிளட்ச் கிளட்சாகவே இருக்கட்டும்.

மிதியுருளை என்றால் பிரேக்குடையதா கிளட்சுடையதா என்று குழம்பாதா என அக்கா ஒருவர் கேட்டிருந்தார். குழம்பும் இடத்தில் முன்னால் பிரேக், கிளட்ச் என்று சேர்த்துக்கொள்ளலாம், அக்கா. மைனரில் பிரேக்குடையது ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கம்பளத்தைத் தூக்கித்தான் ஆயில் ஊற்ற வேண்டும். புதிதாக வரும் கிளட்ச் மிதியுருளையை எங்கே பொருத்துவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் பிளீடிங்குக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். 'காற்றெடுத்தல்' எல்லோர் வாயிலும் இருக்கிறது. பெல் ஹவுசிங்குக்கு 'மணியுறை' என்று வந்த பரிந்துரைக்கு எனக்கு மறுப்பில்லை. வேறு யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.