மழையிலும் குல்லாவிலும் மாமாவுடன் பேசுவது

என் மாமனார் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலையை நறுக்கும் சி.டி.சி. இயந்திரங்களின் அருகிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நிற்பவர்களுக்கு உட்செவியின் மயிரிழைச் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள் என்பதால், நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, ஆனால் விளங்குவதில்லை. இதை அனைவரும் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் கத்துவது நின்றது. கத்தும்போது உயிரொலிகளே பெருகுகின்றன. ச, த போன்ற மெல்லிய ஒலிகள் தெளிவதில்லை. போதாக்குறைக்கு, கத்துபவரின் முகம் சண்டைக்காரர் முகமாகிவிடுகிறது.

காது கேட்கும் கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர்கள் நம்பினார்கள். மலையில் அதற்குத் தனித் தொல்லைகள் உண்டு. குளிருக்குக் கம்பளிக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டால், கருவியின் ஒலி அதன் மைக்கிற்கே திரும்பிச் சென்று விசில் அடிக்கிறது. (குல்லாவைக் கழற்றச் சொன்னால் அவர் கருவியைத்தான் கழற்றுவார்.) என் நாத்தனார் தளர்வான குல்லா ஒன்றைப் பின்னித் தந்த பின் அது பெரும்பாலும் தீர்ந்தது. ஈரப்பதத்திற்காக, இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறோம்.

ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும்போது கருவி மழையையும் சேர்த்தே பெருக்குகிறது. அப்போது சிலேட்டில் எழுதிக் காட்டுவதே மேல். மற்ற நேரங்களில் மிக்சியை நிறுத்தி, வெளிச்சம் எங்கள் முகத்தில் விழும்படி சன்னலை நோக்கி உட்கார்ந்து, மஃப்ளரை வாயிலிருந்து இறக்கிவிட்டு, "மாமா, ரேஷன் கடை விஷயம்" என்று எதைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் சொல்லித் தொடங்குகிறோம். விளங்கவில்லையென்றால் அதே சொற்களைத் திரும்பச் சொல்லாமல் வாக்கியத்தை மாற்றுகிறோம். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் குழந்தைகள்கூடச் சொல்லக் கூடாது.

கூட்டம்தான் இன்னும் கடினம். கோத்தகிரியில் நடந்த ஓர் உறவுத் திருமணத்தில் மேளத்திற்கு எட்டத்தில், சுவரையொட்டி அவரை உட்காரவைத்து, உடன் வேலை பார்த்த நண்பரை எதிரில் அமர்த்தினோம். பந்தி முடியும்வரை இருவரும் பழைய போனஸ் கணக்கைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.