வீதி நாடகம் கைதட்டலோடு முடிந்துவிடுகிறது, என்ன செய்வது?

கரிசல்காடு:
ரேஷன் கடை எடைக்குறைவை வைத்து வீதி நாடகம் தயாராகிறது. ஆறு நடிகர்கள், ஒரு பறை, மைக் இல்லை. பிரச்சாரமாகப் பேசி முடித்தால் சனம் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் விவாத அரங்கு முறை, அதாவது பார்ப்பவரே உள்ளே வந்து நடித்துக் கதையை மாற்றிப் பார்க்கும் முறை, கிராமத்தில் எடுபடுமா? போலீசிடம் வசனத்தைக் காட்ட வேண்டுமா?

முச்சந்தி:
எடுபடும். ஆனால் முதலில் முடிவை மாற்றுங்கள், நாயகி ஜெயிக்கக் கூடாது. எடை குறைகிறது, கேட்கிறாள், விற்பனையாளர் அதட்டுகிறார், பின்னால் நிற்பவர்கள் "நகரும்மா" என்கிறார்கள், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். 12 நிமிடம் போதும். "இங்க வேற மாதிரி பண்ணியிருக்கலாமே" என்று பார்ப்பவருக்கு நாக்கு துறுதுறுக்கிற இடம் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும்.

பிறகு முதலிலிருந்து மறுபடி ஆடுங்கள். யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி நாயகியின் இடத்துக்கு வரலாம், வரிசையில் நிற்பவராகவும் வரலாம். விற்பனையாளராக மட்டும் யாரும் வரக் கூடாது. அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் அது மந்திரம், தீர்வல்ல. வந்தவர் செய்ததை வைத்து, "இது நம்ம கடையில நடக்குமா?" என்று நாடகத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கூட்டத்தைக் கேட்க வேண்டும்.

பெரும்பாலும் சொதப்புவது விற்பனையாளராக நடிப்பவர்தான். ஒன்று கொடுங்கோலனாக உறுமுவார், இல்லையென்றால் இரண்டு கேள்வியிலேயே பணிந்துவிடுவார். "மூட்டையே குறைஞ்சுதான் வருது" என்று நிஜமான பதிலைச் சொல்லவிடுங்கள். கடைப் பணியாளர் சங்கங்களே வைக்கும் புகார்தான் அது. பேச்சு தானாகக் கிடங்கு வரை போகும்.

முதல் ஆள் எழ ஒரு நிமிடம்கூட ஆகலாம், அந்த மௌனத்தை வசனத்தால் நிரப்பாதீர்கள். பெண்கள் வட்டத்துக்குள் வரத் தயங்கினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லட்டும், நடிகை செய்து காட்டலாம். போவாலும் முதலில் அப்படித்தான் செய்தார். 1973இல் பெருவில், தான் சொன்னதை நடிகர் சரியாகச் செய்யவில்லை என்று ஒரு பெண் தானே மேடையேறியதில்தான் இந்த முறை பிறந்தது.

தப்பட்டை:
இடத்தை யோசித்தீர்களா? ஊர்த்தெருவில் போட்டால் காலனி வராது, காலனியில் போட்டால் ஊர் வராது. கோயில் வாசல் வேண்டவே வேண்டாம். பேருந்து நிறுத்தமோ, கடை மூடிய பிறகு அதன் முன்புறமோ சரி. வட்டம் 18 முதல் 20 அடி, சிறுபிள்ளைகள் முன்னால் உட்காரட்டும். மைக் இல்லாமல் நாலு வரிசைக்கு மேல் குரல் தெளிவாகப் போகாது.

தோல் பறை என்றால் காய்ந்த வைக்கோல் எடுத்துப் போங்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், தீயில் காய்ச்சினால்தான் ஒலி ஏறும். யார் அடிப்பது என்பதும் முக்கியம். காலனிப் பையனை மட்டும் அடிக்க விட்டால், நாடகம் எதைப் பேசினாலும் பழைய ஏற்பாடு வட்டத்துக்குள் அப்படியே நிற்கும். ஊர்த்தெருப் பிள்ளையும் குச்சியைப் பிடிக்கட்டும்.

சட்டைப்பை:
வசனத்தைக் காட்டத் தேவையில்லை. நாடகங்களைக் கட்டுப்படுத்திய, எம்.ஆர்.ராதா காலத்து 1954 நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வெள்ளைக்காரன் போட்ட 1876 நாடகச் சட்டமும் இப்போது இல்லை. ஆனால் இடத்துக்கும் கூட்டத்துக்கும் அனுமதி தனி. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவையுங்கள்.

உள்ளூர்த் தேர்தல் சமயத்தைத் தவிருங்கள். டெல்லி வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டது 1989 ஜனவரி 1 அன்று, நகராட்சித் தேர்தல் நேரத்தில், டெல்லியை அடுத்த ஜண்டாபூரில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதுதான்.

முச்சந்தி:
ஒன்று விட்டுப்போயிற்று. ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, வந்து நடித்தவர்கள் என்ன செய்து பார்த்தார்கள் என்பதையெல்லாம் எழுதட்டும். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படித் திரட்டிய யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் வந்தன. உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15 கூட்டம் என்றால் நாடகத்தை 10ஆம் தேதி வாக்கில் வையுங்கள், ரொம்ப முன்னால் போட்டால் சூடு ஆறிவிடும். கூட்டத்தில் தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே கூடாது.