வெள்ளம் வடிந்த பிறகு எதைப் படமெடுப்பது? தோட்டப்புற ஆவணப்படத்துக்கு ஆலோசனை தேவை

கேள்வி: சிகாமட் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலம், சிகாமட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்தைச் சேர்ந்தவள். ஊடகவியல் டிப்ளோமாவின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். 2023 மார்ச் மாத வெள்ளத்தின் பின்விளைவுகளைப் பற்றி ஒரு சிறு ஆவணப்படம் எடுக்க விரிவுரையாளர் ஒப்புதல் தந்துவிட்டார். ஆனால், தண்ணீர் வடிந்து இத்தனை காலம் ஆன பிறகு திரையில் எதைக் காட்டப் போகிறாய் என்று அவர் கேட்டதற்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து லயன் வீடுகளிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கத்துத் தாமானிலும் (வீடமைப்புப் பகுதி) உள்ள குடும்பங்களிடம் பேசலாம் என்று நினைக்கிறேன். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய நிருபர்

தங்கச்சி, பின்விளைவைப் பற்றிய படத்துக்குத் தண்ணீர் தேவையில்லை. அந்த மாதத்துச் சம்பளச் சீட்டு தேவை. செம்பனையில் ஒரு மரத்தின் குலையை வெட்டிய தொழிலாளி ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து நாள்களுக்குள் அதே மரத்துக்குத் திரும்ப வேண்டும். சடக்கு (சாலை) மூழ்கி அந்தச் சுற்று தவறினால் குலை அளவுக்கு மீறிப் பழுத்து, பழங்கள் உதிர்ந்து, எண்ணெயில் கொழுப்பமிலம் கூடி, ஆலையில் தரம் குறைகிறது. எடைக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு இந்த இழப்பு, வீட்டில் சேறு கழுவி முடித்த பிறகுதான் கைக்கு வந்து சேர்கிறது. பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் இருந்தால் அங்கே நிலைமை வேறு. வெட்டிய பட்டை ஈரமாக இருந்தால் பால் மங்குக்கு (பால் சேரும் கிண்ணம்) வராமல் மரத்தின் மேலேயே வழிந்து வீணாகும் என்பதால், வெள்ளம் எட்டிப் பார்க்காத மழை நாளிலும் வெட்டு நின்றுவிடும்.

ஆகவே, எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்பதைவிட, மறுபடியும் பெரட்டுக்குப் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போனது எப்போது, அன்று மண்டோர் (மேற்பார்வையாளர்) என்ன வேலை கொடுத்தார் என்று கேளுங்கள். குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் என்று அரசாங்கம் வழங்கிய வாங் இஹ்சான் (வெள்ள நிவாரண உதவி) தொகை, மகன் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீட்டில் யார் பெயரில் வந்தது என்று கேளுங்கள். நனைந்த பத்திரங்களைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகன் தேசியப் பதிவுத் துறைக்குப் போய்ப் புது அட்டை எடுத்துக்கொள்வார். ஆனால், குடியுரிமைக்காகக் காத்திருக்கும் சிவப்பு அட்டை (நிரந்தரவாசி) பாட்டி, இங்கே வாழ்ந்ததற்குச் சான்றாகத் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பழைய தோட்டத்துச் சீட்டுகளுக்கு நகல் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று, உங்கள் ஊர் மக்கள் ஆண்டுகளைக் கலந்து பேசுவார்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு அலைகளாக வெள்ளம் வந்தது. 2011 ஜனவரியிலும் சிகாமட் மூழ்கியது. ஒருவர் சொல்லும் படகு 2023ஆம் ஆண்டுப் படகாக இல்லாமல் இருக்கலாம். அந்தப் பழைய வெள்ளங்களின்போது தமிழ் நேசன் நாளிதழ் வந்துகொண்டிருந்தது (1924இல் தொடங்கிய அந்த இதழ் 2019இல்தான் நின்றது). கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பார்த்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். அதேபோல "ஜொகூர் வெள்ளம்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். 2023இல் பத்து பகாட் மாவட்டத்துத் தாழ்நிலங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. அங்கே நின்றதைப் போல உங்கள் ஊரிலும் நின்றதா என்பதை நீங்கள்தான் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்)

மேலே தம்பி எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். சம்பளச் சீட்டைக் கேமராவின் முன் காட்டச் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். லயன் வீடு தொழிலாளியின் சொத்து அன்று, கம்பெனியின் சொத்து. வேலை போனால் வீடும் போய்விடும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பைப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது என்பது உண்மையே. ஆயினும், வெள்ளத்துக்குப் பிறகு கதவை மாற்றித் தரவில்லை என்று படத்தில் சொன்ன மனிதர், மறுநாள் காலையில் அதே நிர்வாகியின் முன்தான் போய் நிற்க வேண்டும். மகளே, நீ கல்லூரிக்குத் திரும்பிவிடுவாய். அவர் அங்கேயே இருப்பார். சீட்டில் உள்ள தொகையை மட்டும் கேட்டு எழுதிக்கொள். பெயரும் கம்பெனியும் திரையில் வர வேண்டாம்.

தோட்டத்துச் சடக்கு தனியார் நிலம் என்பதால் கல்லூரிக் கடிதத்தோடு முதலில் அலுவலகத்துக்குப் போ. மறுத்துவிட்டால், தாமானிலும் கோயில் மண்டபத்திலும் வைத்துப் பேசலாம். நிவாரண மையமாக இருந்த பள்ளியில் எடுப்பதானால் தலைமையாசிரியரின் சொல் மட்டும் போதாது. கல்வி இலாகாவின் அனுமதியையும் கல்லூரி வழியாகவே கேள். ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) விதிமுறைகளைப் பற்றியும் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடு. ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்கு. படத்தை ஒப்படைப்பதற்கு முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்ற பகுதியை வெட்டி எடுத்துவிடு.

மேலும், இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டவர். அவர்களும் அதே லயத்தில்தான் வெள்ளத்தில் சிக்கினார்கள். நம்மவர்களை மட்டும் காட்டிவிட்டு அதைத் தோட்டத்தின் கதை என்று சொன்னால் பாதி லயத்தை விட்டுவிட்டதாக ஆகும். முகம் காட்டத் தயங்கினால் அவர்களுடைய குரலை மட்டும் பதிவு செய்யலாம்.

சிகாமட் மாணவி

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. உறவினர்களின் வாட்ஸ்அப்பில் கிடைத்த வெள்ளக் காணொளிகளைப் பயன்படுத்தலாமா? எங்கள் வரிசையில் இருக்கும் ஒரு பாட்டி அந்த இரவைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே அழுதுவிடுகிறார். அவரைப் படமெடுப்பது சரியா?

பதில் 3: படத்தொகுப்பாளர், குளுவாங்

வாட்ஸ்அப்பில் வந்த காணொளி தரம் குறைந்து சுருங்கியிருக்கும். எடுத்த நேரம் முதலான தகவல்களும் பெரும்பாலும் நீங்கியிருக்கும். எடுத்தவரைத் தேடிப் பிடித்து, அவர் கைப்பேசியில் உள்ள மூலக் கோப்பையும், அதைப் பயன்படுத்திக்கொள்ள எழுத்துப்பூர்வமான இசைவையும் வாங்குங்கள். எடுத்தவர் யாரென்று தெரியாத காணொளியை விட்டுவிடுவதே நல்லது. வேறு வெள்ளத்தின் காட்சிகள் இப்படித்தான் ஊர் பெயர் மாறி உலவுகின்றன. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளம் ஆற்று நீர்மட்டத்தைச் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகளில் காட்டுகிறது. அந்த நாள்களின் பதிவைத் துறையிடம் கேட்டு வாங்க முடிந்தால், தண்ணீர் எப்போது ஏறியது என்று சாட்சிகள் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பாட்டியைப் பற்றி: அழுவாரா மாட்டாரா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் சந்திப்பில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அந்த இரவை விட்டுவிட்டு, திரும்பி வந்து முதலில் எதைக் கழுவினார், எதைத் தூக்கிப் போட்டார், எந்தச் சாமி படத்தை வைத்துக்கொண்டார் என்று கேளுங்கள். அவர் தானாகவே அந்த இரவைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அழுகையை நெருங்கிக் காட்டும் பழக்கம் நம் தொலைக்காட்சிகளில் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

ஒலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தகரக் கூரையின் கீழ் மழை பெய்தால் பேட்டி முழுவதும் பாழாகிவிடும். சட்டையில் பொருத்தும் மைக்கை இரவலாகவாவது வாங்குங்கள்; மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ட்ரோன் வேண்டுமென்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணைய விதிகளை முதலில் படிக்க வேண்டும். உங்கள் படத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அதைவிடச் சுவரில் உள்ள நீர்க்கோடு அதிகம் சொல்லும். தரையிலிருந்து அளவுநாடா பிடித்து, ஒரு ஆளை அருகில் நிறுத்தி எடுங்கள். ஆனால், குடியிருக்கும் வீடுகளில் தீபாவளிக்குச் சாயம் அடித்திருப்பார்கள். ஆளில்லாத லயத்திலும் உரக் கொட்டகையின் பின்சுவரிலும் தேடுங்கள். அந்தக் கொட்டகைக்கும் தோட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், ஐயா சொன்ன கடிதத்திலேயே அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.