புதுப்பிப்பு: மழையில் சறுக்கும் பிக்கப், மணல் மூட்டை எங்கே வைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டச் செம்மண் ஏற்றத்தில், பின்சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் பிக்கப்புக்கு 100 கிலோ மணலைப் பின்கதவோரம் வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். இடம் தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

மூட்டைகள் பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கவேண்டும். முன், பின் அச்சுகளுக்கு இடைவெளி 3 மீட்டர் என்றால், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் வைத்த 100 கிலோ முன்சக்கரத்திலிருந்து சுமார் 33 கிலோவைத் தூக்கிவிடும். ஏற்றத்தில் பிடி கூடும். ஆனால் இறக்க வளைவில் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. 25 கிலோ மூட்டை நான்கு போதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

இந்த மணல் யோசனையே பனி நாட்டுக்காரர்களுடையது. அங்கேயும் முதல் வேலை பனிக்கால டயர்தான், எடை பிறகுதான். நமக்கும் அதே கணக்கு: சட்டம் டயரில் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது, களிமண்ணுக்கு அது வழுக்கை டயர்.

சேற்றில் மட்டும் காற்றை 35லிருந்து 24 பிஎஸ்ஐக்கு இறக்கி மெதுவாகப் போங்கள். தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் டயரின் பக்கச்சுவர் சூடாகிக் கிழியும்.

ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால், இரண்டாம் கியரில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து மெல்ல எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) கொடுங்கள். சுழலும் சக்கரம் அடங்கி, மற்றதுக்கும் விசை போகும்.

சிக்கிய சக்கரத்துக்கு அடியில் செம்பனை மட்டை போடுவோர், முள்ளுள்ள அடித்தண்டை வெட்டிவிட்டு ஓலைப் பகுதியை மட்டும் போடுங்கள்.