ஏஐ தனக்குத்தானே ஆடும் கோ ஆட்டங்களைப் பின்தொடர்வதால் என்ன பயன்?

நட்சத்திரப்புள்ளி:
என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கோ என்னும், கற்களை வைத்துப் பகுதிகளைச் சுற்றிவளைக்கும் பலகை விளையாட்டில் அக்கறை உள்ள எவரும், ஏஐ தன்னோடு தானே ஆடிய ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். 2017 மே மாதம் சீனாவின் வூஜெனில், டீப்மைண்ட் நிறுவனத்தின் கோ ஆடும் ஏஐயான ஆல்ஃபாகோ, அப்போதைய உலக முதல்நிலை வீரர் கே ஜியேயை 3-0 என்று வென்றது. அது முடிந்ததும் டீப்மைண்ட், ஆல்ஃபாகோ தன்னுடனேயே ஆடிய 50 ஆட்டங்களை வெளியிட்டது. என்னைப் பொறுத்தவரை கோ வரலாற்றிலேயே மிகப்பெரிய கொடை அதுதான். மனிதரோடு ஆடும்போது ஏஐ முன்னிலை பெற்றுவிட்டால் போதும், வெற்றி வாய்ப்பைக் காப்பதற்காகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்துச் சாதுவாக ஆடத் தொடங்கிவிடும். எதிரே இருப்பதும் அதே பலம் என்றால் அந்தச் சலுகை கிடையாது, கடைசி வரை போராடியாக வேண்டும். ஒரு மூலையில் சண்டை தொடங்கி, முடிவதற்கு முன்பே அதை விட்டுவிட்டு வேறு மூலைக்குப் போய், நூறு நகர்வுகள் கழித்துத் திரும்பி வந்து அதே சண்டையை முடிப்பதை எந்த மனித ஆட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

மூலைக்கல்:
நான் இதற்கு நேர் எதிர். அழகாக இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் "பின்தொடர்வது" என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி பயிற்சி ஆட்டங்கள். அவை உருவாகும் விதம் தெரிந்தால் இவ்வளவு பக்தி வராது.

ஆல்ஃபாகோவின் பிந்தைய பதிப்பான ஆல்ஃபாகோ ஜீரோவை எடுத்துக்கொள்வோம். 2017 அக்டோபரில் கட்டுரை வந்தது. மனித ஆட்டம் ஒன்றுகூடக் காட்டாமல், மூன்று நாளில் 49 லட்சம் ஆட்டங்களைத் தன்னோடு தானே ஆடி, 2016இல் கொரிய வீரர் லீ செடோலை வென்ற ஆல்ஃபாகோ பதிப்பை 100-0 என்று அடித்தது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 49 லட்சத்தில் ஒவ்வொன்றிலும் முதல் 30 நகர்வுகள் "எது சிறந்தது" என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. தேடலில், அதாவது அடுத்தடுத்த நகர்வுகளை முன்னோக்கி அலசிப் பார்ப்பதில், எந்த நகர்வுக்கு எவ்வளவு கவனம் கிடைத்ததோ, அந்த விகிதத்தில் குலுக்கிப்போட்டு எடுத்தவை. அதற்கு மேல், புதியவற்றை முயலட்டும் என்று ஒவ்வொரு நிலையிலும் வேண்டுமென்றே தற்செயல் இரைச்சல் கலக்கப்படுகிறது. கட்டாகோ என்ற திறந்தமூல கோ ஏஐ இன்னும் ஒரு படி மேலே. பெரும்பாலான நகர்வுகளை மிகக் குறைந்த தேடலோடு வேகமாக ஆடிவிட்டு, சிலவற்றை மட்டும் ஆழமாக யோசிக்கும். பலகை அளவும் மாறும், கோமியும், அதாவது இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குக் கொடுக்கும் ஈட்டுப் புள்ளியும், மாறும். ஏஐயின் மூளையான நரம்பு வலைப்பின்னலுக்குப் பாடம் தயாரிக்க இது அருமையான வழி. இதைப் பார்த்து ஒரு மனிதர் "ஆகா, என்ன ஆழமான நகர்வு" என்று ரசித்தால், அது பகடை விழுந்த நகர்வாகவும் இருக்கலாம்.

நட்சத்திரப்புள்ளி:
நான் சொன்ன 50 ஆட்டங்கள் பயிற்சிக்கானவை அல்லவே, ரசிகர்களுக்கென்றே வெளியிட்டவை. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மைக்கேல் ரெட்மண்ட் போன்ற 9 டான் என்ற உச்சத் தரத் தொழில்முறை வீரர் ஒவ்வோர் ஆட்டமாக எடுத்து உட்கார்ந்து விளக்கத் தொடங்கினாரே, பகடை விழுந்ததையா அவர் அத்தனை நேரம் பேசினார்?

மூன்றாம்வரிசை:
இருவருக்கும் இடையே ஒரு விஷயம் விடுபடுகிறது. நான் லீலா ஜீரோவை அது தொடங்கிய காலத்திலிருந்து பின்தொடர்ந்தவன். ஆல்ஃபாகோ ஜீரோ கட்டுரையை வைத்து ஜான்-கார்லோ பாஸ்கூட்டோ தொடங்கிய திறந்தமூல முயற்சி அது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினியைக் கொடுக்க, அவற்றில் ஆட்டங்கள் ஓடின. புதிய வலைப்பின்னல் ஒன்று பிறந்தால் பழையதோடு 400 ஆட்டங்கள் வரை ஆடி, 55 சதவீதம் வென்றால்தான் அடுத்த தலைமுறை. மூலைக்கல் சொல்லும் இரைச்சல் பயிற்சி ஆட்டங்களில் உண்டு, உண்மை. ஆனால் இந்தத் தேர்வு ஆட்டங்கள் வேறு, இவற்றில் இரண்டு பக்கமும் வெல்லத்தான் ஆடும். நாங்கள் ஆவலோடு பார்த்ததும் இவற்றைத்தான்.

அதில் என்ன சுவை என்றால், ஆட்டத்தின் தரம் அல்ல, கற்கும் வரிசை. முதல் வலைப்பின்னல்கள் பலகை முழுக்கக் கல்லை இறைக்கும். அப்புறம் பிடிப்பது என்றால் என்ன என்று புரியும். அப்புறம் மூலைக்குப் போகத் தொடங்கும். லேடர் மட்டும் வரவே வராது! அட்டாரி (அடுத்த நகர்வில் பிடிக்கும் மிரட்டல்) போட்டு, எதிரிக் கல் தப்பி ஓட, மறுபடி அட்டாரி, மறுபடி ஓட்டம் என்று படிக்கட்டு மாதிரி பலகையின் குறுக்கே போகிறதே, அதை மனிதர்களுக்கு ஆரம்பப் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். லீலா ஜீரோ மற்ற எல்லாவற்றிலும் தேர்ந்த பிறகும் லேடரில் தடுமாறியது. தோற்கும் லேடரில் ஓடி, மொத்தக் கற்கூட்டத்தையும் பறிகொடுத்த ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தோம். ஆல்ஃபாகோ ஜீரோ கட்டுரையிலும் இதே செய்திதான், லேடரை அது வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. எது எளிது, எது கடினம் என்று நாம் வைத்திருக்கும் வரிசை கோ விளையாட்டின் வரிசை அல்ல, நம் கண்ணின் வரிசை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

மூலைக்கல்:
மூன்றாம்வரிசை சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. தன்னோடு தானே ஆடிக் கற்றவனுக்கு, தான் ஒருபோதும் செய்யாத ஒன்று கண்ணிலேயே படாது.

2023 பிப்ரவரியில் வெளியான செய்தி நினைவிருக்கிறதா? கெலின் பெல்ரின், பலமான அமெச்சூர் ஆட்டக்காரர்தான், கட்டாகோவை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஏஐயை 15-க்கு 14 ஆட்டங்களில் வென்றார். கணினி உதவி எதுவும் இல்லாமல். வழியும் ரகசியமில்லை. ஏஐயின் பகுதிக்குள் சின்னதாக ஒரு கூட்டத்தை வைத்து, ஏஐ அதைச் சுற்றி வளையமாகக் கல் வைக்கும்படி செய்ய வேண்டும். பிறகு அந்த வளையத்தையே வெளியிலிருந்து மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். வளையம் சாகப்போகிறது என்று ஏஐக்குத் தெரிவதே இல்லை. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஓரளவு ஆடத் தெரிந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தால் முன்பே பார்த்திருப்பார். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும் எதிராளி ஏஐ ஒன்றைத் தனியாகப் பயிற்றுவித்த ஆய்வாளர்கள்தான். கோடிக்கணக்கான சுயஆட்டங்களில் அது வெளியே வரவில்லை. பிறகு கட்டாகோவுக்கு இப்படிப்பட்ட நிலைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள், அப்படியும் முழுதாக அடைபடவில்லை. இதைக் கோ விளையாட்டின் உண்மை என்று யாராவது சொன்னால் நான் எப்படி ஏற்பது?

நட்சத்திரப்புள்ளி:
"உண்மை" என்று நான் சொல்லவே இல்லை. பார்க்க வேண்டும் என்றேன். சரி, ஒரே ஒரு உதாரணம் தருகிறேன். எதிரி ஒரு மூலையின் நான்குக்கு நான்கில், அதாவது இரு ஓரத்திலிருந்தும் நான்காவது கோட்டில், கல் வைத்திருக்கிறான், மற்ற மூலைகள் இன்னும் காலி. அப்போதே மூன்றுக்கு மூன்றில் நுழைந்தால் முன்பெல்லாம் ஆசிரியர் திட்டுவார். மூலையில் கொஞ்சம் நிலம் கிடைக்கும், எதிரிக்கு வெளியே பெரிய சுவர் கிடைக்கும், பலகை காலியாக இருக்கும்போது சுவர்தான் மதிப்பு என்பது பாடம். ஆல்ஃபாகோ ஆட்டங்களில் இந்த நுழைவு ஆரம்பத்திலேயே வருகிறது. கவனிக்க வேண்டிய இடம் அடுத்ததுதான். பழைய ஜோசெக்கியின் (மூலையில் வழக்கமாக ஆடும் நகர்வு வரிசை) கடைசியில் இரண்டாம் வரிசையில் ஹானே (எதிரிக் கல்லைச் சுற்றி வளைந்து வைக்கும் நகர்வு) போட்டு இணைப்பார்கள். ஏஐ அதைச் செய்யாமல் வேறிடம் போய்விடுகிறது. அந்தப் பரிமாற்றம் நடந்தால் எதிரியின் சுவர் கெட்டியாகிவிடும். நடக்காவிட்டால் சுவரைத் துண்டிக்கக்கூடிய வெட்டுப்புள்ளிகள் மிச்சம். அதாவது, நுழைவு தப்பு என்று நினைத்தோம். தப்பு நுழைவில் இல்லை, அவசரப்பட்டு முடித்துக்கொண்டதில் இருந்தது. இன்று எந்தத் தொழில்முறை ஆட்டத்தைத் திறந்தாலும் இது இருக்கிறது.

2023-இல் ஓர் ஆய்வும் வந்தது. 1950 முதல் 2021 வரையிலான 58 லட்சம் தொழில்முறை நகர்வுகளை அலசி, ஏஐ வந்த பிறகு மனிதர்களின் முடிவுகள் மேம்பட்டன, புதுமையும் கூடியது என்று காட்டியது. இதற்கு என்ன பதில்?

மூலைக்கல்:
பதில் இருக்கிறது. அந்த ஆய்வு சொல்வது ஏஐ வந்த பிறகு நடந்ததை. சுயஆட்டம் பார்த்ததால் நடந்தது என்று அதில் எங்கும் இல்லை. லீலா ஜீரோவும் கட்டாகோவும் வீட்டுக் கணினிக்கு வந்ததும் வீரர்கள் செய்தது என்ன? தங்கள் ஆட்டத்தை அதில் போட்டு, "இங்கே நான் வைத்தது ஏன் மோசம், அவன் இப்படி வந்திருந்தால் என்ன செய்வாய்" என்று கேட்டார்கள். கேள்வி தன்னுடையது. சுயஆட்டத்தில் கேட்கப்படாத கேள்விகளுக்கு விடை வந்துகொண்டே இருக்கும். அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை.

பன்னிரண்டு_கியூ:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மாதிரி ஆரம்பநிலையில் இருப்பவர் பார்த்தால் ஏதாவது புரியுமா? நான் திறந்து பார்த்தால் இருபதாவது நகர்விலேயே மூன்று சண்டை ஓடுகிறது.

மூன்றாம்வரிசை:
புரியும், ஆனால் முழு ஆட்டத்தையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகாதீர்கள். அதில் ஒன்றும் ஒட்டாது. ஐம்பதாவது நகர்வில் நிறுத்துங்கள். பலகையைப் பார்த்து, எந்தக் கூட்டம் பலவீனம், எந்தப் பகுதி யாருக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அப்புறம் கட்டாகோவில் அதே நிலையைப் போட்டு, ஒவ்வொரு புள்ளியும் யாருக்குப் போகும் என்று அது காட்டும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் செத்தது என்று நினைத்த கல் அங்கே இன்னும் பாதி உயிரோடு இருக்கும். அந்த ஓர் இடத்தை மட்டும் தோண்டுங்கள். கேள்வி உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று மூலைக்கல் சொன்னதும் இதில் நிறைவேறிவிடுகிறது.

மூலைக்கல்:
அப்படிப் பார்ப்பதற்கு எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் பன்னிரண்டு கியூ என்ற ஆரம்பநிலைத் தரத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் தன் கடைசித் தோல்வியை எடுத்து அதே மாதிரி ஐம்பதாவது நகர்வில் நிறுத்தினால் அதிகம் கிடைக்கும் என்றே சொல்வேன்.

நட்சத்திரப்புள்ளி:
தோல்வியை ஆராயட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் தன் ஆட்டத்தில் தன் கற்பனைக்கு எட்டிய நிலைகள்தான் வரும். மூன்றுக்கு மூன்றை ஆரம்பத்திலேயே வைத்துப் பார்க்கத் துணியாதவன், தன் தோல்விகளை ஆயிரம் முறை அலசினாலும் அந்த நிலையைச் சந்திக்கவே மாட்டான். பன்னிரண்டு கியூ நண்பரே, அந்த 50-இல் ஒன்றை எடுங்கள். முதல் மூலை மட்டும் பாருங்கள். எந்த இடத்தில் ஏஐ அதை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறதோ, அங்கே நிறுத்தி, நிலையை இங்கே போடுங்கள். ஏன் போனது என்று நாங்கள் மூவரும் சேர்ந்து பார்க்கிறோம்.