கப்பல் காம்பஸுக்குள் காற்றுக்குமிழி: சரிசெய்யத் தெரிந்தவர் உண்டா?

வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறோம். தாத்தா தூத்துக்குடியில் ஏலத்தில் எடுத்த கப்பல் காம்பஸ், அதன் தேக்குக் கூடோடு எங்கள் வீட்டில் இருக்கிறது. அது இப்போது சரியாகத் திரும்புவதில்லை.

பித்தளைத் தகட்டில் 'கெல்வின், பாட்டம்லி அண்ட் பெயர்டு, கிளாஸ்கோ' என்று இருக்கிறது. அந்தப் பெயர் 1913-இல் வந்தது என்பதால் அதற்கு முந்தையது இல்லை. இருபுறமும் இரும்பு உருண்டைகள், முன்னால் ஃபிளிண்டர்ஸ் தண்டு எனும் இரும்புத் தண்டுக்கான குழாய், எல்லாம் அப்படியே இருக்கின்றன. கப்பலின் சொந்த இரும்பு முள்ளை இழுப்பதைச் சமன்செய்யத்தான் இவை. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1870களில் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வழி வந்தது. அவருடையது உள்ளே திரவம் இல்லாத உலர் காம்பஸ், எங்களுடையது திசைத்தட்டு திரவத்தில் மிதக்கும் வகை.

சித்திரை வெயிலில்தான் ஆரம்பித்தது. கண்ணாடிக்கடியில் எலுமிச்சை அளவு குமிழி. திரவம் மஞ்சளாகிவிட்டது. திசைத்தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, தென்மேற்கில் வந்து சிக்கி நிற்கிறது.

உருண்டைகளைக் கழற்றிப் பார்த்தோம், இரும்பு பீரோவிலிருந்து தள்ளி வைத்தோம், பலனில்லை. கீழமாசி வீதியில் தராசு பழுதுபார்ப்பவர் திறக்கவே தயங்கினார். அவர் தயங்கியது சரிதான். பழையவற்றில் சாராயமும் நீரும் கலந்திருக்கும், பிந்தியவற்றில் எண்ணெய் வகை. மாற்றி ஊற்றினால் தட்டின் பெயிண்ட் உரிந்துவிடும். அதனால் நாங்களும் திரவம் இருக்கும் கிண்ணத்தின் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

மதுரையிலோ தூத்துக்குடியிலோ, உள்ளே இருப்பது எந்தத் திரவம் என்று பார்த்து, மாற்றி, கேஸ்கெட் போட்டு மூடித்தரக்கூடியவர் யார்?